கேள்வி கேட்டால்தான் ஊசி

ஞாயிறு பூசை முடிவில் ஃபாதர் பீடத்திலிருந்து ஒரு வார்த்தை சொன்னார். அது போதும். சாந்தோம் பங்கு மண்டபத்தில் வரிசை நின்றது. டெங்கு தடுப்பூசி ஆராய்ச்சிக்குச் சம்மதம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் ஆள் ஃப்ளோரா ஆன்ட்டி.

அத்தனை தாள்களிலும் டாக்டர் டெல்பின் குறுக்கே கோடிழுத்து 'ரத்து' என்று எழுதினார்.

"மேடம்!" ஆராய்ச்சி மேலாளர் ஆஸ்வின் பதறினார். "அடுத்த ஞாயிறுக்குள்ள ஆள் சேரலேன்னா ஆராய்ச்சி வேற ஊருக்குப் போயிடும்."

"யாராவது ஒரு கேள்வி கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்போ இது சம்மதம் இல்ல. ஃபாதருக்குக் குடுத்த மரியாதை."

டெல்பின் இதே தெருவில் வளர்ந்தவர். டாக்டராகி, ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் போனார். வக்கீல் கேட்ட ஒரே கேள்வியில் வழக்கு தலைகீழானது. கூண்டில் நின்றபடியே அவருக்கு உடம்பு சிலிர்த்தது. முப்பத்தைந்து வயதில் சட்டக் கல்லூரி. நோயாளிகளுக்காகப் பல வருடம் வாதாடினார். இந்தத் தடுப்பூசியைச் சோதிக்கும் தரமணி ஆராய்ச்சி நிலையத்துக்கு இயக்குநராகக் கூப்பிட்டபோது அவர் அப்பா ராஜநாயகம், "அடுத்து இன்னா, பைலட்டா?" என்றார்.

ஃபாதரிடம், இந்த வாரம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று டெல்பின் கேட்டுக்கொண்டார். மண்டப வாசலில் பலகை வைத்தார்: கேள்வி கேட்டால்தான் ஊசி.

மறு ஞாயிறு. மண்டபம் நிறைந்திருந்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆஸ்வின் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் ஃபிரெட்ரிக் அங்கிள் எழுந்தார்.

"பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணியாமே. எனக்கு எது?"

"எனக்கே தெரியாது அங்கிள். கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது, அப்பதான் ஊசி வேலை செய்யுதான்னு சரியா தெரியும்."

"டைரக்டருக்கே தெரியாதா! நல்லா கீது!"

சிரிப்பு வெடித்தது. அதன் பிறகு கேள்விகள் நிற்கவில்லை.

"எதுனா ஆச்சுன்னா ஆஸ்பத்திரி செலவு யாரு?"

"நாங்கதான்."

"கிறிஸ்துமஸ்க்கு ஒயின் குடிக்கலாமா?"

டெல்பின் மேசைக்கு மேசை ஓடிப் பதில் சொன்னார். முடி கலைந்துவிட்டது.

ஃப்ளோரா ஆன்ட்டி கையைத் தூக்கினார். சின்ன வயதில் டெல்பினுக்குக் கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி நடத்தியவர் அவர்.

"வேணாம்னா கோச்சுக்குவியா, டெல்பின்மா?"

"மாட்டேன் ஆன்ட்டி."

"அப்போ எனக்கு வேணாம். ஊசின்னாலே பயம். போன வாரம் ஃபாதர் மூஞ்சிக்காகக் கையெழுத்துப் போட்டேன்."

ஆஸ்வின் கண்ணை மூடிக்கொண்டார். டெல்பின் ஃப்ளோராவைக் கட்டிப்பிடித்தார்.

"இன்னாடி இது, வேணாம்னதுக்கா?"

"ஆமா ஆன்ட்டி. அதுக்குத்தான்!"

ஃபிரெட்ரிக் நாற்காலியை மேசைக்கு இழுத்துப்போட்டார். "அவ கேட்டா, வேணாம்னுட்டா. நானும் கேட்டேன், எனக்கு ஓகே. பேனாவைக் குடு."

அவருக்குப் பின்னால் வரிசை வளர்ந்து, வாசல் தாண்டித் தெருவுக்கு வந்தது. கொண்டுவந்த தாள் தீர்ந்துபோய் ஆஸ்வின் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினார். வாசலில் ஃப்ளோரா ஆன்ட்டி இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

"லைன்ல வாங்கடா! நீ இன்னா கேட்ட? ஒண்ணும் கேக்கலையா? திரும்பிப் போ, கேட்டுட்டு வா!"