விட்டு வைத்த இடம்

தஞ்சாவூரில் எங்கள் அலுவலகக் கோப்புகளை நான்கு சர்வர்கள் பகிர்ந்து வைத்திருந்தன. அவற்றைப் பராமரிக்க அதிராம்பட்டினத்திலிருந்து ஒருவர் வருவார். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை மடித்த சட்டை. ஒரு சர்வரைக் கழற்றி எடுப்பதானால், அதிலுள்ளது முழுக்க மற்றவற்றுக்குப் போய்ச் சேரும்வரை அதன்மேல் கைவைத்தபடி நிற்பார்.

ஒருநாள் பழுதான சர்வரை யாரோ சட்டென்று அணைத்துவிட்டார்கள். மற்றவை அதைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன; திரை முழுக்க அதன் பெயர்தான்.

“போயிடுச்சுன்னு யாரும் சொல்லலியே சார், அதுங்க தேடத்தானே செய்யும்?” என்று சொல்லி, பட்டியலிலிருந்து அதன் பெயரை அவர் நீக்கினார். திரை அடங்கியது.

பிறகு மெதுவாகச் சொன்னார்: “கல்ஃபுக்குப் போன எங்க அண்ணன்கிட்டேருந்து பல வருஷமா தகவலே இல்லீங்க. பெருநாளைக்கு எல்லாரும் ஒரே சஹன் தட்டைச் சுத்திச் சாப்பிட உட்காரும்போது, இன்னும் அவர் இடத்தை விட்டுத்தான் உட்காருறோம். போயிட்டாருன்னு உம்மாகிட்ட யாரு சொல்றது?”

இப்போது சர்வர்களைப் பராமரிக்கும் வேலை என்னுடையது. நின்றுபோன சர்வரின் பெயரை நீக்குமுன், பதில் வராதென்று தெரிந்தும், ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கிறேன்.