அவள் ஓட்டினால் பதினொன்று புள்ளி ஆறு

எங்கள் காரின் பெட்ரோல் நோட்டில் போன வருடம் ஆகஸ்டில் எழுதிய ஒரு பக்கம் இருக்கிறது. அதைக் கிழித்துவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். கிழிக்கவில்லை. நோட்டில் பக்கம் கிழிப்பது என் வழக்கம் இல்லை என்பதுதான் காரணம்; வேறு பெருந்தன்மை ஒன்றும் இல்லை.

நான் புதுக்கோட்டையில் நில அளவை அலுவலகத்தில் வரைவாளன். கார் வாங்கிப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. தினமும் நாட்குறிப்பு எழுதுவேன். காருக்கு வேறு நோட்டு. வீட்டில் நடப்பது நாட்குறிப்பில் போகும். மீட்டர் எண், போட்ட லிட்டர், டயர் காற்று, ஆயில் மாற்றிய நாள் எல்லாம் கார் நோட்டில். இரண்டையும் கலக்க மாட்டேன். பெட்ரோல் போடும்போதெல்லாம் டாங்கை நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்து எழுதிவிடுவேன். பதினான்கு வருடமாக வந்த எண் ஏறக்குறைய ஒன்றுதான்: லிட்டருக்குப் பதினைந்தரை கிலோமீட்டர்.

என் மனைவி ஆசிரியை. போன ஜூனில் குடுமியான்மலை போகும் வழியில் ஒரு பள்ளிக்கு மாறுதல் வந்தது. வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். பஸ் மெயின் ரோட்டு விலக்கில் இறக்கிவிடும். அங்கிருந்து உள்ளே ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். நான் அலுவலகத்துக்கு மோட்டார் சைக்கிளில் போவதால் கார் வாரம் முழுக்கச் சும்மா நின்றது. மாறுதல் வரும் என்று முன்பே தெரிந்ததால், கோடை விடுமுறையிலேயே அவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸும் எடுத்துவிட்டாள். அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. பள்ளி திறந்த இரண்டாவது வாரத்திலிருந்து அவளே ஓட்டிப் போனாள். அடுத்த தெருவில் இருக்கும் கணக்கு டீச்சரையும் ஏற்றிக்கொள்வாள்.

முதல் நாள் சாயங்காலம் கேட்டைத் திறந்து, காரை ஒரே முறையில் உள்ளே விட்டுவிட்டு இறங்கினாள். அப்போது அவள் முகத்தில் இருந்ததை நான் நாட்குறிப்பில் எழுதவில்லை. "கார் நல்லபடியாகத் திரும்பியது" என்று எழுதியிருக்கிறேன்.

ஜூலையில் எண் பன்னிரண்டுக்கு இறங்கியது. முதலில் என் வகுத்தலைத்தான் சந்தேகப்பட்டேன். சரியாக இருந்தது. டயரில் காற்று பார்த்தேன். ஏர் ஃபில்டரை மாற்றினேன். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன். பெட்ரோல் ஒழுகுகிறதா என்று காருக்கு அடியில் இரண்டு நாள் செய்தித்தாள் விரித்து வைத்தேன். ஒரு சொட்டு விழவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினேன். நான்கும் தடையில்லாமல் சுற்றின. பெட்ரோல் பங்கையும் மாற்றிப் பார்த்தேன். எண் மாறவில்லை.

ஜூனுக்கு முன்னால் இல்லாதது, ஜூனுக்குப் பின்னால் வந்தது ஒன்றே ஒன்று என்று எனக்குத் தோன்றியது. ஓட்டும் ஆள்.

ஆகஸ்டில் அந்தப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். ஒரு பத்திக்கு "நான்" என்று தலைப்பு, மற்றதற்கு "அவள்". வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாங்கை நிரப்பினால் வாரம் முழுக்க அவள் ஓட்டியது தெரியும். ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்கோ காரைக்குடிக்கோ போய்வந்து மறுபடி நிரப்பினால் நான் ஓட்டியது தெரியும். ஐந்து வாரம் பார்த்தேன். அவளுக்குப் பதினொன்று புள்ளி ஆறு. எனக்குப் பதின்மூன்று புள்ளி நான்கு. என் எண்ணும் பழைய பதினைந்தரையை எட்டவில்லை என்பது கண்ணில் படத்தான் செய்தது. அவள் ஓட்டி கிளட்ச் தேய்ந்திருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

காரில் எதையோ தேடும்போது அவள் அந்த நோட்டைப் பார்த்துவிட்டாள்.

"இதென்னங்க, எனக்குன்னு தனியா ஒரு பத்தி?"

"சும்மா, பெட்ரோல் எங்க போகுதுன்னு பாக்கத்தான்."

"மார்க் போடுறது எங்க வேலைன்னுல்ல நெனச்சேன்" என்று சொல்லி நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதனால் நான் நிறுத்தவில்லை.

அக்டோபர் முதல் வாரம், ஒரு திங்கட்கிழமை, அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். கையில் நோட்டும் பென்சிலும். பின்சீட்டில் கணக்கு டீச்சர். கிளட்சைப் பாதி அமுக்கியபடியே ஓட்டுகிறாளா என்று அவள் இடது காலைப் பார்த்து, அப்படிச் செய்யும்போதெல்லாம் ஒரு கோடு போட்டேன். ஒன்பது கிலோமீட்டரில் பதினேழு கோடு. ஏறியதிலிருந்து ஏதோ பேசிக்கொண்டு வந்த கணக்கு டீச்சர், பாதித் தூரத்துக்குப் பிறகு பேசவில்லை.

பள்ளி வாசலில் பிள்ளைகள் குறுக்கே ஓடினார்கள். அவள் பிரேக் போட்டாள், இன்ஜின் நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள். மறுபடி நின்றது. கண்ணாடி இறக்கியிருந்தது. நான் சொன்னது வெளியில் நின்ற எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

"நாலு மாசமா இப்படித்தான் ஓட்டுறியா? கிளட்ச்சு மேல ஏறி உக்காந்துக்கிட்டா பெட்ரோல் குடிக்காம என்ன செய்யும்?"

அப்போதுதான் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்த தலைமையாசிரியர் ஹெல்மெட்டைக் கழற்றியபடி, "என்ன டீச்சர், சார் டெஸ்ட் எடுக்குறாரா? பாஸா, பெயிலா?" என்றார்.

"இன்னும் எட்டுப் போடச் சொல்லல சார். அதுக்கே இப்படி" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். நன்றாகச் சொன்னோம் என்ற திருப்தி எனக்கு இருந்தது. அதை நாட்குறிப்பிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் கார் சாவியை என் மேஜைமேல் வைத்தாள்.

"இந்தாங்க, ஒங்க காரு."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்லைங்க. திரும்பி வரையில ஒவ்வொரு தடவ கால அமுக்கும்போதும் ஒங்க பென்சிலுதான் கண்ணுக்குள்ள வருது. இப்படியே ஓட்டுனா எங்கிட்டாச்சும் கொண்டுபோயி மோதிருவேன். பஸ்ஸே போதும்."

அந்த வருடம் அக்டோபர் கடைசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. விலக்கிலிருந்து பள்ளி வரை செம்மண் பாதை. காலையில் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பினாள். சாயங்காலம் சேலைக் கரையெல்லாம் சேற்றோடு வந்தாள். கணக்கு டீச்சர் வேறொருவரின் ஸ்கூட்டரில் போகத் தொடங்கினார். ஞாயிறு தோறும் நான் மட்டும் ஓட்டியதில் எண் பதின்மூன்றரைக்குக் கீழே இறங்கவே இல்லை. ஒருநாள் அவள் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருக்கும்போது நோட்டோடு போய் நின்றேன்.

"பாத்தியா? பதிமூணு அஞ்சு."

"முன்ன பதினஞ்சரைன்னு சொல்வீங்களே?"

"அதான் நீ கிளட்ச்ச தேச்சுட்டியே."

குழாயை மூடிவிட்டு உள்ளே போனாள்.

ஜனவரியில் காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. அதற்காகப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். தேறவில்லை. பரிசோதித்தவர், "பெட்ரோல் அளவுக்கு மேல போகுது சார், முழுசா எரியல. மெக்கானிக்கிட்ட காட்டிட்டு வாங்க" என்றார்.

கீரனூர் சாலையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம்தான் பத்து வருடமாக எங்கள் கார் போகிறது. அவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார். ஷெட்டுக்குத் திரும்பியதும் பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்மேல் வெறும் கையை வைத்தார்.

"சார், நீங்களும் வைங்க."

வைத்தேன். ஆறிப்போன டீ டம்ளர் போல இருந்தது.

"இவ்வளவு தூரம் ஓடுன வண்டியில இதத் தொட்டா கை பொத்துப் போகணும். இன்ஜின் சூடாகவே இல்ல."

"ஏன்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வால்வுதான் இல்லையே சார். நீங்கதான கழட்டச் சொன்னீங்க."

அப்போதுதான் எனக்கு மே மாதம் ஞாபகம் வந்தது. ஜெகதாப்பட்டினத்தில் இறால் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் கார் கொதித்து நின்றது. கட்டி இழுத்துக்கொண்டு இதே ஷெட்டுக்கு வந்தோம். இன்ஜின் சூடாகும் வரைக்கும் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தி வைக்கும் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. அது திறக்காமல் சிக்கிக்கொண்டிருந்தது. புதியது திருச்சியிலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்றார். மறுநாள் காரைக்குடியில் ஒரு வளைகாப்பு. "கழட்டிப் போட்டுருங்க, நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு" என்றேன். லாரிக்காரர்கள் பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்று எங்கோ கேட்டிருந்தேன்.

"ரெண்டு நாள் கழிச்சு வாங்க, மாட்டித் தாரேன்னு சொன்னேன். ஆளையே காணோம்" என்றார் மெக்கானிக். "தண்ணி எந்நேரமும் சுத்திக்கிட்டே இருக்கும், இன்ஜின் குளுந்தே கெடக்கும். வண்டிக்குள்ள இருக்குற கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தெரியாது. இப்பத்தான் ஸ்டார்ட் பண்ணிருக்காங்கபோலன்னு பெட்ரோல ஊத்திக்கிட்டே இருக்கும்."

"தூரமாப் போனா எண்ணு கொஞ்சம் கூடுதே?"

"தூரம் போனா கொஞ்சமாச்சும் சூடேறும்ல. பக்கத்துல போயி நிறுத்துற வண்டின்னா சுத்தமா ஏறாது. அதுக்குத்தான் கூடக் குடிக்கும்."

"யாரு ஓட்டுனாலுமா?"

"யாரு ஓட்டுனா என்ன சார்? இன்ஜினுக்கு ஆளு தெரியுமா?"

அன்று வீட்டுக்கு வந்து நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். மே கடைசி வாரத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: இறால் வாங்கியது, கார் நின்றது, "வால்வு கழற்றப்பட்டது, புதியது இரண்டு நாளில்." கார் நோட்டில் அதை எழுதவே இல்லை. மறுநாள் வளைகாப்பு, அதற்கடுத்த நாள் அலுவலகம். புரட்டிக்கொண்டே போனேன். ஜூலையில் ஒரு வரி: "வண்டி ஓடும்போது சூடு காட்டும் முள் ஏறவே மாட்டேன் என்கிறதே, ஏன் என்று கேட்டாள். ஏறாமல் இருப்பதுதான் நல்லது என்று விளக்கினேன்."

நான் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு சக்கரம் சக்கரமாகச் சுற்றிப் பார்த்த அதே மாதத்தில், தனியாக ஓட்டத் தொடங்கி ஒரு மாதம் ஆனவள் கோளாறைச் சரியாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். நான் விளக்கியிருக்கிறேன்.

புது வால்வு மாட்டிய அன்று அவளிடம் சொன்னேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மே மாதத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"அப்ப நான் ஓட்டுனதால இல்ல?"

"இல்ல."

"கிளட்ச்சு?"

"மெக்கானிக் பாத்துட்டாரு. நல்லாத்தான் இருக்காம்."

கொஞ்ச நேரம் நறுக்கினாள். பிறகு சொன்னாள்: "இத எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? ஸ்கூல் வாசல்ல வச்சுத்தான அதச் சொன்னீங்க. இதையும் அங்க வந்து சொல்லுங்க."

"எல்லாரும் இருக்கையிலயா?"

"அன்னைக்கு எல்லாரும் இருந்தாங்கள்ல?"

போனேன். மறுநாள் காலையில் நான் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். வாசலில் தலைமையாசிரியர் இருந்தார், கணக்கு டீச்சரும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். முதல் நாளே வாக்கியத்தை யோசித்து வைத்திருந்தேன். "கார்ல ஒரு கோளாறு இருக்குறது தெரியாம, டீச்சர் ஓட்டுறதுலதான் தப்புன்னு சொல்லிட்டேன் சார். கோளாறுக்குக் காரணம் நான்தான்." இதுதான் நான் சொல்ல வேண்டியது.

"வண்டியில ஏதோ சின்னக் கோளாறு சார். சரி பண்ணியாச்சு. டீச்சர் மேல ஒண்ணுமில்ல" என்றேன்.

"அப்ப டீச்சர் பாஸுன்னு சொல்லுங்க!" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் தோளில் பையோடு இரண்டடி தள்ளி நின்று, நான் மேற்கொண்டு ஏதாவது சொல்வேனா என்று பார்த்தாள். கோளாறு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதபோது சொல்வானேன் என்று நானும் விட்டுவிட்டேன். அவள் கேட்டைத் தாண்டி உள்ளே போனாள்.

அடுத்த நாளிலிருந்து அவள் மறுபடி காரை எடுத்துக்கொண்டு போகிறாள். சாவியைக் கேட்கவில்லை, ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள், அவ்வளவுதான். கணக்கு டீச்சரும் திரும்ப வந்துவிட்டார். தெருமுனையில் திரும்பும்போது இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டு போவது எனக்குக் கேட்கிறது. லிட்டருக்குப் பதினைந்துக்கு மேல் வருகிறது.

ஆனால் நான் காரில் இருந்தால் அவள் ஓட்டுவதில்லை. சேர்ந்து போகும்போது இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிடுவாள். நானாகக் கேட்ட இரண்டு முறையும், "நீங்களே ஓட்டுங்க" என்றாள்.

மார்ச்சில் திருச்சியில் கண் பரிசோதனைக்குப் போனோம். கண்ணில் மருந்து விட்டார்கள். நாலு மணி நேரத்துக்கு ஓட்டக்கூடாது என்றார்கள். அதனால் ஒன்றும் இல்லை, அவள் இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டு, பார்வை மங்கி, படியைத் தடவித் தடவி இறங்கினேன். கார் பக்கத்தில் யாரோ ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார்.

"ஆக்டிங் டிரைவருங்க. கூலி பேசி நான்தான் வரச் சொன்னேன்" என்றாள். என் கையைப் பிடித்துப் பின்சீட்டில் உட்கார வைத்து, சுற்றிக்கொண்டு வந்து மறுபக்கம் ஏறிக்கொண்டாள்.

புதுக்கோட்டை வரும் வரைக்கும் முன்சீட்டுக்காரர் கிளட்சில் வைத்த காலை எடுக்கவே இல்லை. இன்ஜின் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.