வராதவர்களின் நாற்காலிகள்

தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் ரயிலை விட்டு இறங்கியவன், குஸ்தி நடக்கிறதென்று கேள்விப்பட்டு இந்தக் கொட்டகைக்கு வந்திருக்கிறேன். மண் கோதாவைச் சுற்றி ஜனங்கள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் போட்ட இரண்டு வரிசை நாற்காலிகளில் மட்டும் ஒருவரும் இல்லை.

வாசலில் சீட்டுக் கிழிக்கும் தேவசகாயத்திடம் காரணம் கேட்கிறேன்.

"சுரங்கத்து துரைங்களுக்குக் குடுத்த இனாம் சீட்டுங்க. கணக்குல அவங்க வந்துட்டாங்க. ஆளுதான் வரல."

"அப்ப கொட்டகை நெறஞ்சதுன்னே எழுதுவீங்களா?"

"வேற இன்னா எழுதறதுங்க?"

ஷிப்ட் முடிந்து வந்தவர்கள், உள்ளே இடமில்லை என்று நிறுத்தப்பட்டு, மூங்கில் தட்டியின் இடுக்குகளில் கண்ணை வைத்திருக்கிறார்கள். அவர்களிடையே கைக்குழந்தையுடன் ஒரு பெண். இன்று மோதப்போகும் முனிசாமியின் மனைவியாம். முனிசாமி நந்திதுர்க் சுரங்கத்தில் பாறை துளைக்கிறவன். கோதாவில் இறங்கிய அவன் காலி நாற்காலிகளைப் பார்க்கிறான், தட்டியைப் பார்க்கிறான். பிறகு மோத வராமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறான்.

கூட்டம் முணுமுணுக்கிறது. தேவசகாயம் சற்று யோசித்துவிட்டுத் தட்டியை விலக்குகிறார்.

"உள்ள வாங்க. துரைங்க வந்தா எழுந்துக்கலாம்."

புழுதி படிந்த வேட்டிகளோடு அவர்கள் நாற்காலிகளில் அமர்கிறார்கள். ஓரத்து நாற்காலியில், தட்டியோரம் நிற்கும் என் பக்கத்தில், அந்தப் பெண். குஸ்தி தொடங்கியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறாள். கொட்டகை அதிரும்போதும் திறக்கவில்லை.

"இன்னா ஆச்சுங்க?"

"உங்க வீட்டுக்காரர் ஜெயிச்சுட்டாரும்மா."

முந்தானையை விலக்கி எழுந்து, குழந்தையை இரண்டு கைகளாலும் உயரத் தூக்கி அவனுக்குக் காட்டுகிறாள்.