பயணி: ஒருவர்

வெங்கடேஸ்வரிக்கு ஐம்பத்தாறு வயது. அதில் இருபத்தெட்டு வருஷம் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் டவுன் பஸ்ஸிலேயே கழிந்துவிட்டது. காலையில் எட்டே முக்காலுக்கு ஏறுவாள், சாயங்காலம் ஆறரைக்கு இறங்குவாள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிர் வரிசையில், ஜாஸ்மினின் ஜெராக்ஸ் கடைக்குள் ஒரு மூலையில் மேஜை போட்டு, வருகிறவர்களுக்கு மனு டைப் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. முதலில் டைப்ரைட்டர், பிறகு கம்ப்யூட்டர். மெஷின் மாறியதே தவிர ஜனங்களின் சண்டை மாறவில்லை. வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையை இந்தப் பக்கம் திருப்பிவிட்டது. ஒருத்தர் அரை மணி நேரம் அழுதுகொண்டே சொல்வதை இவள் நாலு வரியில் அடக்கி, ‘மேற்படி காரணங்களை முன்னிட்டு’ என்று முடித்துக் கையில் கொடுப்பாள். அழுதவர் அதைப் படித்துப் பார்த்து, நம்ம கஷ்டம் இவ்வளவு கம்பீரமானதா என்று அசந்துபோவார்.

இப்படி ஊர்க் காரணங்களையெல்லாம் எழுதிக் கொடுத்தவளுக்குத் திடீரென்று ஒரு ஆசை வந்தது. அதற்குக் காரணம் எழுத மட்டும் அவளுக்கு வரவில்லை.

ஆசையைக் கொண்டுவந்து கொடுத்தவர் சிவனாண்டி. சொந்த ஊர் மகாராஜபுரம். கொல்லத்தில் படகுத்துறைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறார். ஊரில் தம்பியோடு கிணற்றுப் பங்கு வழக்கு, அதற்கு மனு அடிக்க வந்தவர் பேச்சுவாக்கில் தன் கடையைப் பற்றிச் சொன்னார்.

“அங்க காயல்ல சர்க்கார் படகு ஓடுதுக்கா. நாங்க தண்ணி பஸ்சுன்னு சொல்லுவோம். அச்சு அசல் நம்ம டவுன் பஸ்தான். கண்டக்டர் பையை மாட்டிக்கிட்டு டிக்கெட் குடுப்பாரு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக ஏறும், மீன்காரம்மா ஏறும். ஒவ்வொரு தீவா நின்னு நின்னு போவும்.”

“தண்ணியில எப்பிடி ஸ்டாப்பு இருக்கும்?”

“தீவுக் கரையில இருக்கும்க்கா. தென்ன மரத்தடியில நாலு பேரு குடையோட நிப்பாக. படகு கரையில அணைஞ்சதும் ஏறிக்கிருவாக.”

வெங்கடேஸ்வரி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “ஸ்டாண்டிங் உண்டா?”

“காலையில உண்டு. பத்து மணிக்கு மேல வந்தீகன்னா ஜன்னலோரமே கெடைக்கும்.”

அன்றைக்குச் சிவனாண்டியின் மனுவில் ‘கிணற்றில் பாதி’ என்று வரவேண்டிய இடத்தில் ‘தீவில் பாதி’ என்று அடித்துவிட்டாள். நல்லவேளையாகப் பிரிண்ட் எடுப்பதற்கு முன் கண்ணில் பட்டது. இல்லாவிட்டால் அந்தத் தம்பி, அண்ணன் தனக்குத் தெரியாமல் கேரளாவில் ஒரு தீவே வாங்கிவிட்டான் என்று இன்னொரு வழக்குப் போட்டிருப்பான்.

அவள் அறிந்த தண்ணீரெல்லாம் குடத்துக்குள்ளும் லாரிக்குள்ளும் இருந்த தண்ணீர்தான். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, பக்கத்திலேயே தண்ணீர் ஓட, ஒரு தீவு வந்து, அது போய், இன்னொரு தீவு வருவதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். போயே ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள்.

போவது பெரிய காரியமில்லை. விடியுமுன் தென்காசி பஸ்ஸைப் பிடித்தால் அங்கிருந்து கொல்லத்துக்கு வண்டி இருக்கிறது. சொல்வதுதான் பெரிய காரியம். ராஜபாளையத்தில் ஒரு பொம்பளை வெளியூர் கிளம்பினால் கல்யாணம், சாவு, கோயில், ஆஸ்பத்திரி என்று நாலில் ஒன்று இருந்தாக வேண்டும். கோயில் என்று சொன்னால் தெருவிலிருந்து மூன்று பேர் புளியோதரை கட்டிக்கொண்டு கூடவே வந்துவிடுவார்கள். ஆஸ்பத்திரி என்றால் திரும்பி வருவதற்குள் வாசலில் ஆரஞ்சுப் பழத்தோடு கூட்டம் நிற்கும். தண்ணியைப் பார்க்கப் போகிறேன் என்றால் நேரே பேயோட்டக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

இதற்கெல்லாம் மேலே வீட்டுக்குள் ஒருத்தர் இருந்தார். அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி, ரிட்டயர்டு ஏட்டு. வேலையில் பாதிக் காலம் ஸ்டேஷன் ரைட்டராக உட்கார்ந்து வாக்குமூலம் எழுதியவர். காக்கிச் சட்டையைக் கழற்றி நாலு வருஷம் ஆகிறது, விசாரணையை இன்னும் கழற்றவில்லை. தினமும் அவள் படியேறும்போதே ஆரம்பித்துவிடுவார். “பஸ்ஸ எத்தன மணிக்கு எடுத்தான்? ஒக்கார எடம் கெடச்சுதா? பக்கத்துல யாரு இருந்தது? பொறவு ஏன் எட்டு நிமிஷம் லேட்டு?”

அவரோடு ஒரு தடவை கன்னியாகுமரி போனாள். சூரிய உதயம் பார்க்க ஊரே கிழக்கே திரும்பி நின்றது. இவர் மட்டும் மேற்கே திரும்பி, ஒரு ஆள் பையை இறுக்கிப் பிடித்திருப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தார். கடைசியில் போய் விசாரித்தும் விட்டார். பைக்குள் இருந்தது முறுக்கு. அந்த ஆள் கோபித்துக்கொள்ள, அவரைச் சமாதானம் பண்ணி இவள் திரும்புவதற்குள் சூரியன் உச்சிக்குக் கிளம்பிவிட்டது.

மனுஷன் நல்லவர்தான். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. மகளைத் திருப்பூரில் நல்ல இடத்தில் கொடுத்தார்கள், மகன் ராணுவத்தில் இருக்கிறான். அவர்மேல் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு நாள் யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால் தேவலை என்றுதான் இருந்தது.

ஆகவே விஷயம் ஜாஸ்மினுக்கு மட்டும் தெரியும். கோர்ட்டுக்கு லீவான ரெண்டாம் சனிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி, கொல்லத்துப் பார்ட்டிக்கு அவசரமாக ஒரு மனு அடிக்கணும் என்று வீட்டில் சொல்லிவிடுவதாக ஏற்பாடு. சிவனாண்டி வாட்ஸப்பில் படகு நேரங்களை அனுப்பினார். செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், வெங்கடேஸ்வரி திட்டத்தை டைப் அடிக்க உட்கார்ந்தாள். இருபத்தெட்டு வருஷப் பழக்கம், விரல்களுக்கு வேறு நடை தெரியவில்லை.

‘பொருள்: தண்ணி பஸ் – தீவுகள் – வரும் சனிக்கிழமை – தொடர்பாக.
பயணி: ஒருவர்.
1. காலை 4.15: வீட்டை விட்டு வெளியேறுதல்.
2. காலை 4.40: தென்காசி பஸ். அங்கிருந்து கொல்லம் பஸ்.
3. காலை 10.50: தண்ணி பஸ். ஜன்னலோரம்.
4. முதல் தீவு: இறங்க வேண்டாம், பார்த்தால் போதும்.
5. இரண்டாம் தீவு: மேற்படி.
6. மூன்றாம் தீவு: இறங்கிக்கொள்வது. அதன்பின் யாருக்கும் எந்தப் பதிலும் சொல்ல வேண்டியதில்லை.’

கோர்ட்டுத் தாள் கணக்கில் வரிக்கு வரி இடைவெளி விட்டு அடித்ததால் அத்தோடு முதல் பக்கம் நிறைந்துவிட்டது. திரும்பி வரும் விவரமெல்லாம் இரண்டாம் பக்கத்துக்குப் போனது.

ஜாஸ்மின் எட்டிப் பார்த்துவிட்டு, “எக்கா, கீழ உண்மையுள்ளன்னு கையெழுத்தும் போட்டுருங்க. கலெக்டருக்கே அனுப்பிருவோம்” என்றாள்.

மறுநாள் காலையில் பார்த்தால் கைப்பைக்குள் இரண்டாம் பக்கம் மட்டும்தான் இருந்தது. மேஜை டிராயரைக் கவிழ்த்தாள், குப்பைக் கூடையைக் கிளறினாள். முதல் பக்கத்தைக் காணோம். நேற்று அதே நேரத்தில் வக்கீல் ஞானதுரைக்கு ஒரு கட்டு பிரிண்ட் போனது ஞாபகம் வந்தது. ஞானதுரையும் ராஜபாளையத்துக்காரர்தான். போன் போட்டாள். போன் அணைந்து கிடந்தது. மதுரையில் ஒரு வழக்குக்குப் போயிருக்கிறார் என்று குமாஸ்தா சொன்னார். போனால் போகிறது, நேரமெல்லாம் மனப்பாடம்தானே என்று விட்டுவிட்டாள்.

வீட்டில்தான் விநோதம் நடந்தது. புதன்கிழமை பஸ் பஞ்சராகி ஒரு மணி நேரம் லேட். வழியெல்லாம் பதிலைத் தயார் பண்ணிக்கொண்டு படியேறினாள். சங்கிலிப்பாண்டி நாற்காலியை விட்டு எழுந்து, “வந்துட்டியா” என்று மட்டும் சொல்லி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வேறு கேள்வி இல்லை. சாப்பிட்ட தட்டை அவரே கழுவினார். வியாழக்கிழமை, ரெண்டு வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றினார். ரெண்டு முழம் பிச்சிப்பூ வாங்கி வந்து, கையில் கொடுக்கக் கூச்சப்பட்டு, பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

“நேத்து ஒரு மணி நேரம் லேட்டா வந்தேன்” என்று அவளாகவே வாயைக் கொடுத்துப் பார்த்தாள்.

“வரத்தான செய்யும்” என்றார் அவர்.

முப்பத்திரண்டு வருஷத்தில் இந்த மனுஷன் ஒரு நாள்கூட இப்படி இருந்ததில்லை. ஏதோ பெரிய வியாதி, டாக்டர் சொல்லியிருக்கிறார், நம்மிடம் மறைக்கிறார் என்று நிச்சயம் பண்ணிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும்போதே தீவுகளுக்கெல்லாம் முழுக்குப் போட்டாள். நாளைக்கு அவரை மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்துவிட வேண்டியதுதான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவருக்காகப் பாதி, தீவுக்காகப் பாதி.

வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள். “ஏங்க, ஒடம்புக்கு என்ன செய்யுது? மறைக்காமச் சொல்லுங்க.”

“ஒண்ணும் இல்லையே.”

“மூணு நாளா நீங்க என்னைய ஒரு கேள்வி கேக்கல. நல்லா இருக்க மனுஷன் இப்பிடி இருப்பாரா?”

சங்கிலிப்பாண்டி சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது.

“செவ்வாக்கெழம சாயங்காலம் ஞானதுரை வக்கீல் டீக்கடையில வச்சுக் குடுத்தாரு. அக்கா தாளு ஒண்ணு என் விவாகரத்துக் கேஸ் கட்டுக்குள்ள கெடந்துச்சு அண்ணாச்சின்னாரு.”

“விவாகரத்துக் கட்டா!”

“எனக்கும் படிக்கத் தெரியும்ட்டி. எத்தன புகார் எழுதியிருக்கேன். வீட்டை விட்டு வெளியேறுதல்னு போட்டுருக்க. பயணி ஒருவர்னு போட்டுருக்க. மூணாவது தீவுல இறங்கிருத. அதுக்குப் பொறவு ஒண்ணுமே இல்ல.”

வெங்கடேஸ்வரிக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. ஷேவ் பண்ணாத தாடி, தூங்காத கண்.

“இத மூணு நாளா வச்சுக்கிட்டா சும்மா இருந்தீக? ஊருல போறவன வாரவனையெல்லாம் கேப்பீகள்ல, என்னைய ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?”

“கேட்டா நீ சொல்லிருவியே” என்றார் அவர்.

அவள் கைப்பையைத் திறந்து இரண்டாம் பக்கத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, ஸ்டேஷனில் வாக்குமூலத்தைத் திரும்ப வாசித்துக் காட்டுகிற அதே குரலில் படித்தார்.

“ஏழு. பிற்பகல் ரெண்டரை, திரும்பும் தண்ணி பஸ். எட்டு. மூணே முக்கால், கொல்லம் பஸ் ஸ்டாண்டு. அவருக்கு நேந்திரம் சிப்ஸ், உப்புக் கம்மியாக...”

கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். மீதியை மனசுக்குள் படித்தார். ஒன்பது, இரவு 9.20, ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு. பத்து, வீடு.

“எதுக்குன்னு எனக்கே தெரியலீங்க” என்றாள் வெங்கடேஸ்வரி. “தண்ணியப் பாத்துக்கிட்டுச் செத்த நேரம் ஒக்காந்துருக்கணும். அம்புட்டுத்தான். ஒங்க மேல வருத்தமெல்லாம் இல்ல.”

அவர் ஏதோ கேட்கப்போவதுபோல் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பிறகு, “பேனா இருக்கா?” என்றார்.

அவளுக்குத் திக்கென்றது. ‘ஒருவர்’ என்பதை அடித்துவிட்டு ‘இருவர்’ என்று திருத்தப் போகிறார். இந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. நாளைக்கு அந்தக் காயலில் எந்தெந்த ஆள் எந்தெந்தப் பையை இறுக்கிப் பிடித்திருக்கிறானோ, அத்தனை பேரையும் சமாதானம் பண்ணிக்கொண்டேதான் மூன்று தீவையும் கடக்க வேண்டியிருக்கும். பேனாவை எடுத்து நீட்டினாள்.

சங்கிலிப்பாண்டி முதல் பக்கத்தைத் தொடவே இல்லை. இரண்டாம் பக்கத்தில் ஒன்பதாம் எண்ணுக்குக் கீழே, ரைட்டர் கையெழுத்தில் குண்டு குண்டாக எழுதி, அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

‘9-அ. மேற்படி பஸ் ஸ்டாண்டில் ஒருவர் வண்டியோடு நிற்பார். கேள்வி எதுவும் கேட்க மாட்டார்.’

வெங்கடேஸ்வரி அதை இரண்டு தடவை படித்தாள். இரண்டாவது வரியை அவளால் அவ்வளவாக நம்ப முடியவில்லை. ஆனாலும் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பின் அடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மூணரைக்கு அலாரம் வைக்கச் சொன்னாள்.