முகூர்த்தத்துக்குச் சேமித்த மாத்திரை

கடலூரில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், வெளியூர் என்று யாராவது முணுமுணுத்தாலே முதலில் கை தூக்குவது நான்தான். சமூகப்பணி படித்துவிட்டு வந்தவள். ஓரிடத்தில் உட்காரச் சொன்னால் எனக்குக் கால் அரிக்கும். எங்கள் சிஸ்டர், அதாவது இல்லத்து நர்ஸ், இதற்கு நேர் எதிர். நான் திருவந்திபுரம் என்று ஆரம்பித்தால் ஆற்றங்கரைக் காற்று, மலைப்படி, தயிர்சாதம் என்று பேச்சு ஓடும். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, யாருக்கு எந்த மாத்திரை எப்போது என்பார். காற்று அங்கேயே நின்றுவிடும்.

வெளியே போகும்போது அவர் விதிகள் கறாரானவை. மாத்திரை அதனதன் அட்டையிலேயே வர வேண்டும். எல்லாவற்றையும் பிரித்து ஒரே டப்பாவில் கொட்டக் கூடாது. அட்டையைவிட்டு வெளியே வந்த மாத்திரை நேராக வாய்க்குத்தான் போக வேண்டும். வண்டி வழியில் நின்றுபோனால் என்ன செய்வது, அதனால் ஆளுக்கு ஒரு வேளை மாத்திரை உபரியாக வேண்டும். பை என் தோளிலேயே தொங்க வேண்டும், வெயில் அடிக்கும் டேஷ்போர்டில் அல்ல.

அந்தப் பையைப் பார்த்துத்தான் எங்கள் மாமா எனக்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்தார். இல்லத்தில் எல்லோருக்குமே அவர் மாமாதான். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது பார்க்கின்சன். கை நடுங்கும், உடம்பு இறுகும். நேரத்துக்கு மாத்திரை போட்டால் கொஞ்ச நேரத்தில் இறுக்கம் தளர்ந்து நன்றாகவே நடப்பார். அதன் வேகம் தீர்ந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உபரி மாத்திரைக்கு அவர் வைத்த பெயர் ஸ்டெப்னி.

சிதம்பரத்தில் அவருடைய மச்சான், அதாவது இறந்துபோன மனைவியின் தம்பி, மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். மண்டபத்தில் சரிவுப் பாதை போட்டு வீல்சேரும் ஏற்பாடு செய்திருப்பதாகவும், மாமாவை மேடைவரை பூப்போல உருட்டிக்கொண்டு போய்விடலாம் என்றும் போனில் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். போனை வைத்ததும் மாமாவின் முகம், சில்லறை இல்லாமல் ஏறிய பயணியைப் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது.

"அந்தப் பொண்ணு தத்தித் தத்தி நடக்கும்போது வெரலப் புடிச்சிக்கிட்டுப் போனவன் நானு. அதுக்கு ஆசீர்வாதம் பண்ண என்னைய மூட்டை மாதிரி உருட்டிக்கிட்டுப் போவானுங்களா? நடந்துதான் போவேன், கண்டக்டர்."

அவர் நடந்தே மேடையேற வேண்டும் என்று நானும் ஒற்றைக்காலில் நின்றேன். சிஸ்டர் முகூர்த்த நேரத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டார். காலை மாத்திரை இல்லத்திலேயே, அடுத்தது போகும் வழியில் புதுச்சத்திரம் தாண்டியதும். கல்யாணச் சாப்பாட்டைப் பற்றித் தனியாக எச்சரித்தார். பருப்பும் சாம்பாரும் முதலில் வயிற்றுக்குள் போய்விட்டால் இந்த மாத்திரை சரியாக வேலை செய்யாது. முதலில் மாத்திரை, கொஞ்சம் பொறுத்துத்தான் பந்தி.

வேனில் எங்களோடு ஓர் அக்காவும் வந்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். மாமாவின் பக்கத்து அறை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குத் தவிர வெளியே போகாதவர், சிதம்பரத்துக் கல்யாணச் சாப்பாடு என்றதும் பட்டுப்புடவையோடு வாசலில் நின்றார். மாமாவோ வழி முழுக்க எங்கள் டிரைவருக்குப் பாடம் எடுத்தார். ஆலப்பாக்கம் வருவதற்குள் அந்த மனிதருக்குத் தன் லைசென்ஸ் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. புதுச்சத்திரம் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, அட்டையைப் பிரித்து மாத்திரையைக் கொடுத்தேன். தண்ணீரோடு அண்ணாந்து முழுங்கி, நான் கேட்காமலேயே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். எவ்வளவு ஒத்துழைப்பு என்று பூரித்துப்போனேன்.

மண்டப வாசலில் பன்னீர் தெளித்தார்கள், சந்தனமும் குங்குமமும் கொடுத்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு மாமா நடந்தார். அடிகள் வர வர சின்னதாகிக்கொண்டிருந்தன. மாத்திரை இனிமேல்தான் பிடிக்கும் என்று முன் வரிசையில் உட்கார வைத்தேன். நேரம் போனது. பிடிக்கவில்லை. மேளம் உச்சத்துக்குப் போய்த் தாலி ஏறியது. எல்லோரும் அட்சதை தூவ, மாமா தூவியது இறுகிய கையைவிட்டு ஓர் அடிகூடத் தாண்டாமல் முன்னால் மண்டியிட்டிருந்த போட்டோகிராபரின் வழுக்கையில் விழுந்தது. மேடையிலிருந்து மச்சான் வாங்க வாங்க என்று கையசைத்தார். மாமா எழ முயன்றார். உடம்பு முன்னே சாய்ந்தது, கால் வரவில்லை.

சிஸ்டரின் கணக்கு தப்பாது. பிறகு என்ன கோளாறு?

"மாத்திரையை முழுங்கியிருந்தாத்தானே பாப்பா?" என்றார் அக்கா, காபியை ஆற்றிக்கொண்டே. "சட்டைப் பாக்கெட்ல போட்டாரு. ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

பாக்கெட்டில் கை விட்டேன். பன்னீரில் ஊறி, குங்குமத்தில் புரண்டு, அது மாத்திரையா பாக்கா என்று தெரியாத நிலையில் ஒன்று வந்தது. நடுங்கும் கையை வைத்துக்கொண்டு, என் கண்ணுக்கு எதிரில் இதை எப்படி ஒளித்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மாமாவிடம் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை. "வழியிலயே டீசல எரிச்சிட்டா ஊருக்குள்ள எதுல ஓட்றது? அதான் மேடை ஏறறப்ப போட்டுக்கலாம்னு மிச்சம் புடிச்சேன். அதக் குடு, ஒங்கிட்ட இருக்கற ஸ்டெப்னியையும் குடு. ரெண்டையும் சேத்துப் போட்டா மேடைக்குப் பறந்துருவேன்."

வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டியவர் தன் உடம்புக்கும் ஒரு டேங்க் இருப்பதாக நினைத்துவிட்டார். மச்சான் வேறு வீல்சேரைத் தள்ளிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். இரண்டையும் கொடுத்துவிட்டால் என்ன என்று எனக்கே ஒரு கணம் சபலம் தட்டியது. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் தட்டும்.

மேளச் சத்தத்துக்குப் பயந்து, தேங்காய் மூட்டை அடுக்கியிருந்த அறைக்குள் நுழைந்து சிஸ்டருக்கு போன் போட்டேன். காலை மாத்திரை எப்போது, தலைசுற்றல் உண்டா, ஏதாவது சாப்பிட்டாரா என்று வரிசையாகக் கேட்டார். டாக்டரிடம் பேசிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்.

"ஒண்ணுதான். பாக்கெட்ல இருந்தத தூக்கிப் போட்டுடு, புதுசா அட்டையிலேர்ந்து பிரிச்சுக் குடு. முழுங்குற வரைக்கும் கையைப் பாரு, வாயைப் பாக்காத. ரெண்டு போட்டாருன்னா மேடைக்குப் போவ மாட்டாரு, மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குத்தான் போவாரு. அடுத்த வேளை எப்பன்னு நான் சொல்றேன். இந்த மாத்திரை புடிக்கிற வரைக்கும் பந்திப் பக்கம் விட்டுடாத."

ஒன்றைக் கொடுத்தேன், கையைப் பார்த்தபடி. டிக்கெட் பரிசோதகரிடம் மாட்டிய பயணியைப்போல் மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வீல்சேரோடு வந்து நின்ற மச்சான், ஏறிக்கொள்ளலாமா மாமா, போட்டோ எடுக்கக் காத்திருக்கிறார்கள் என்றார்.

"நீ போட்டோ எடு மச்சான். நான் வர்றப்ப வர்றேன்."

காத்திருந்தோம். மேடையில் வரிசை நீண்டது, குறைந்தது, தீர்ந்தது. பூக்காரர்கள் மாலைகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் சாப்பாட்டுக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். மாமா காலி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதையாவது உளறி அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன், நடக்கவில்லை. அக்கா மட்டும் முதல் பந்தி முடித்து வந்து, பாயசத்தில் முந்திரி போதவில்லை என்று அறிவித்தார்.

அப்போது மாமாவின் கால் கட்டைவிரல் அசைந்தது. பிறகு குதிகால். நாற்காலியின் கையைப் பிடித்து, என்னைத் தள்ளிப் போகச் சொல்லி எழுந்தார்.

"மேடை போனா என்ன. பொண்ணு எங்க இருக்குதோ அங்க போவோம்."

இலைகள் விரித்த நீள மேசைகளுக்கு நடுவே, சாம்பார் வாளிகளை ஒதுங்கச் சொல்லி நடந்தார். நான் ஒரு கை தூரத்தில் பின்னால். பெண் வாய் நிறைய அப்பளத்தோடு நிமிர்ந்தாள். எழ முயன்றவளை உட்கார் என்று சைகை காட்டி, அவள் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தார். கை நடுங்கவே இல்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் நடுங்கியது, நெற்றிச்சுட்டி கிலுகிலுவென்றது. அவள் அழுதுகொண்டே மென்றாள்.

பரிமாறிக்கொண்டிருந்த மச்சான் கரண்டியோடு நின்றுவிட்டார். "மாமா, மேடையில நின்னிருந்தா ஆல்பத்துல வந்திருக்கும்ல."

"ஆல்பத்துல நடக்கறது தெரியாதுடா மச்சான்."

கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் கூப்பிட்டார். மாமா எப்படி இருக்கிறார், உட்கார்ந்திருக்கிறாரா, இனிமேல் சாப்பிடலாம் என்றார். இலை போட்டு உட்கார வைக்கலாம் என்று திரும்பினேன். ஆள் இல்லை. கை கழுவும் இடத்தில் இல்லை, சமையலறையில் இல்லை.

"தேடிக்கிட்டிருக்கேன் சிஸ்டர்," என்றேன்.

வெளியே ஒரு சுற்றுலா பஸ் அந்தக் குறுகிய தெருவில் திரும்ப முடியாமல் முனகிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் தெரு நடுவில் நின்று, ஆட்டோக்காரர்களையெல்லாம் ஒரு கையால் நிறுத்தி, இன்னொரு கையால் வரட்டும் வரட்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார் மாமா. போனில் சிஸ்டர், கிடைத்துவிட்டாரா, சாப்பிடக் கூப்பிடு என்றார். பஸ் திரும்பி முடிக்கட்டும் சிஸ்டர் என்று சொல்லிவிட்டு, நடைபாதையில் அவர் கூப்பிடு தூரத்தில் போய் நின்றுகொண்டேன்.