கறை போச்சு, பல் போச்சு

பேத்திக்கு ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து டானிக் எழுதிக்கொடுத்தார்கள். மூடியைத் திறந்ததும் எழுந்த துரு வாசனையில் என் தாடை தானாக இறுகியது.

அப்போது நான் சின்னப் பெண். சைதாப்பேட்டையில், ஆற்றோரத்தில் எங்கள் குடிசை. தர்மாஸ்பத்திரியில் எனக்கும் இதே மாதிரி டானிக் தந்தார்கள். இனிப்பாக இருந்ததால் விழுங்காமல் வாயிலேயே அதக்கிச் சப்புவேன். பல்லெல்லாம் கறுத்துப்போனது.

நைனா பார்த்துவிட்டு, புகையிலைக் கறை என்று நினைத்தார். "இன்னாடி வாயி இது? பொயல போட்டுக்கினு திரியிறியா?"

"இல்ல நைனா, மருந்து."

"பொய் வேறயா?" என்று அறைந்தார். முடியைப் பிடித்து அடிபம்புக்கு இழுத்துப்போய், செங்கல் தூளால் ஈறு கிழியத் தேய்த்தார். ரத்தம்தான் வந்தது, கறுப்பு போகவில்லை. ஆத்திரத்தில் என் முகத்தைப் பம்பில் மோதினார். முன்பல் பாதியாக உடைந்தது.

வேலைவிட்டு வந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். உள்ளே போய் டானிக் பாட்டிலை எடுத்துவந்து அவர் நெற்றியில் உடைத்தாள். ரத்தமும் டானிக்கும் சேர்ந்து வழிந்தன.

"நக்கிப் பாருய்யா. பொயலயா மருந்தான்னு சொல்லு."

நைனா உதட்டை நக்கினார். அதற்கப்புறம் என் முகத்தை அவர் நேராகப் பார்த்ததே இல்லை.

இப்போது, டாக்டரம்மா சொன்னபடி டானிக்கைத் தண்ணீரில் கலந்து, பேத்திக்கு ஸ்ட்ராவில் உறிஞ்சக் கொடுத்தேன். பல்லில் கறை பிடிக்கும் என்று சொல்லி உடனே வாய் கொப்பளிக்க வைத்தேன்.

"கறை புட்சா போவாதா ஆயா?"

"போவும். மருந்த நிறுத்துனதும் எனக்குக் கொஞ்ச நாள்ல போய்ட்ச்சு" என்று சிரித்துக் காட்டினேன். "நைனா உடைச்சதுதான் அப்டியே கீது."