சத்தமில்லாத துப்பாக்கி

கூமோ ஊரின் காட்டோரத்தில் மாடு வளர்த்து, பல வருடமாக வேட்டைக்கும் போய்வந்த இர்யாவுக்கு யார்க்கோவை முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. கட்டிட வேலைக்காக நகரத்திலிருந்து வந்து, ஊர் வேட்டைக் குழுவில் சேர்ந்தவன் அவன். துப்பாக்கி முனையில் கறுப்பாக ஒரு சைலன்சரைத் திருகி வைத்திருந்தான். அப்போது அந்த ஊரில் வேறு யாரிடமும் அது கிடையாது.

"நாணயமா சுடுறவனுக்கு சத்தத்துக்கு என்ன பயம்?" என்று குழுத் தலைவர் என்சியோவிடம் கேட்டாள்.

"காதுக்கு நல்லதாம்."

"ஆமா, திருடனுக்கும் நல்லதுதான்."

அன்றிலிருந்து யார்க்கோவின் வேன் எங்கே நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தாள். வேட்டை இல்லாத ஒரு நாள், அவள் மேய்ச்சல் நிலத்துக்கு அப்பால், சாலையோரப் பாசியில் ரத்தமும் மூஸ் மானின் ரோமமும் கிடந்தன. பக்கத்திலேயே வேனின் டயர்த் தடம். பகலெல்லாம் வெளியில்தான் வேலை செய்தாள், வெடிச்சத்தமே கேட்கவில்லை.

சனிக்கிழமை வேட்டைக் குடிசையில் எல்லோரும் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டாள். "என் நிலத்துப் பக்கத்துல யார் சுட்டது?"

"நான்தான்" என்றான் யார்க்கோ. "கார்ல அடிபட்ட மானு. கால் ஒடிஞ்சு கெடந்துச்சு. போலீஸ் என்சியோவக் கூப்பிட்டாங்க, அவர் என்னை அனுப்பினார்."

"எனக்குச் சத்தமே கேக்கலையே."

"சைலன்சர் சத்தத்தக் கொறைக்கும், அவ்வளவுதான். என் வீட்டுக்காரி அடுப்படியில நின்னே கேட்டா, இர்யா" என்றார் என்சியோ. "எங்க வீடு உன் வீட்டவிட தூரம்."

அவரும் கூட்டாளிதான் என்று இர்யா முடிவு கட்டினாள். "அதே எடத்துல நின்னு இன்னொரு தடவ சுடச் சொல்லுங்க. என் காதால கேக்கணும்."

மறுநாள் யார்க்கோ அங்கே போய் மண்மேட்டைக் குறி வைத்தான். இர்யா வேலியருகே காத்திருந்தாள். பக்கத்தில் என்சியோ.

"என்ன தாமதம்? சுடச் சொல்லுங்க."

"சுட்டுட்டான்."

"பொய்."

என்சியோ வாக்கி-டாக்கியில் யார்க்கோவை இன்னொரு தடவை சுடச் சொன்னார். இர்யா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதுவும் கேட்கவில்லை. ஆனால் புல் மேய்ந்துகொண்டிருந்த அவளுடைய கிடாரிகள் அத்தனையும் சட்டென்று தலை தூக்கிக் காட்டைப் பார்த்தன.

மனிதர்கள் சொன்னதை நம்பாதவள் மாடுகளை நம்பினாள். அந்த வாரமே மருத்துவரிடம் காதைக் காட்டப் போனாள்.

இத்தனை வருட வேட்டைத் துப்பாக்கிச் சத்தத்தில் இடது காது ஏறக்குறைய போய்விட்டது, வலதும் பாதிதான் என்றார் மருத்துவர். திரும்பும் வழியில் இர்யா யார்க்கோவின் வாசலில் வண்டியை நிறுத்தினாள்.

"உன்னத் திருடன்னு நெனச்சேன்."

"தெரியும். ஊரே சொல்லுச்சு."

அடுத்த பருவத்துக்கு முன் அவளும் ஒரு சைலன்சர் வாங்கப் போனாள். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது வேல செய்யுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.